துவான் என்பது யார்? பாரிஸ் போகும் அம்மாவின் பெட்டி பற்றி

ராயபுரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. பாரிஸில் இருக்கும் தங்கைக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. அம்மா முதல்முறையாகத் தனியாக விமானம் ஏறப்போகிறார். "துவான்ல பெட்டியைத் திறந்து பார்ப்பாங்க, பார்த்து அடுக்குங்க" என்று தங்கை போனில் சொல்லியிருக்கிறார். துவான் என்றால் இமிக்ரேஷனா, கஸ்டம்ஸா? காசிமேட்டுக் கருவாடு, பிரசவ லேகியம், பால்கோவா எல்லாம் கொண்டுபோகலாமா? அம்மா போட்டிருக்கும் நகைக்கு ஏதாவது கேட்பார்களா?

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு க்ளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. என் தொழில் கப்பல் சரக்கு. ஆனாலும் மண்ணடியில் உட்கார்ந்திருந்தால் பெட்டியோடு வருகிறவர்கள் கதையும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

துவான் என்றால் கஸ்டம்ஸ்தான். பெட்டியைப் பார்ப்பவர்கள். பாஸ்போர்ட் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். கருவாடு போகலாம், பால்கோவா போகக் கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

விமான நிலையத்தில் யார் எதைக் கேட்டாலும் "கஸ்டம்ஸ்ல நிறுத்திட்டாங்க" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். உண்மையில் அங்கே மூன்று தரப்பு இருக்கிறார்கள். கைப்பையை எக்ஸ்ரேயில் விட்டு, உடம்பைத் தடவிப் பார்ப்பது சி.ஐ.எஸ்.எஃப்., அதாவது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. விமானத்துக்கு ஆபத்தான பொருள் எதுவும் ஏறக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து முத்திரை குத்துவது இமிக்ரேஷன். இவர்களும் உள்துறை அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறார்கள். கஸ்டம்ஸ் நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. நீங்கள் யார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பிரான்ஸிலும் இதே கணக்குதான். பாஸ்போர்ட் பார்ப்பது உள்துறையின் எல்லைப் போலீஸ். துவான் நிதி அமைச்சகத்தின் துறை.

பிறகு ஏன் குழப்பம் வருகிறது என்றால், பிரான்ஸில் எல்லா இடத்திலும் இந்தக் கோடு இவ்வளவு தெளிவாக இல்லை. பாரிஸின் சார்ல் தெ கோல் மாதிரி பெரிய விமான நிலையத்தில் எல்லைப் போலீஸ் தனியாக இருக்கும். பல சிறிய விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பாஸ்போர்ட் பார்க்கும் வேலையையும் துவான் ஆட்களே செய்கிறார்கள். அதனால் மக்கள் வாயில் துவான் என்றால் எல்லைச் சோதனை மொத்தமும் என்று ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். அவர்களிடமும் இதே குழப்பம் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் பாஸ்போர்ட் பார்ப்பது மாரெஷோஸே என்ற ராணுவப் போலீஸ். ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் அதையும் துவான் என்றே சொல்வார்கள். நம் பழவேற்காட்டில் 1613-லேயே கோட்டை கட்டி வியாபாரம் செய்த கூட்டம் அது, சுங்கத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. பாரசீகத்தில் திவான் என்றால் கணக்குப் பதிவேடு, அதை வைத்திருக்கும் அலுவலகம். அது அரபி வழியாக இத்தாலிக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சில் துவான் ஆனது. அதே திவான் இந்தப் பக்கம் வந்து திருவிதாங்கூர் திவான் ஆனது, திவான் பகதூர் ஆனது, கடைசியில் கூடத்தில் போட்டுப் படுக்கும் திவான் கட்டிலும் ஆனது. சைகோன் பக்கம் போனால் அங்கும் இந்தச் சொல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வியட்நாமியர்கள் சுங்க அலுவலகத்தை ஞா துவான் என்றார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய புதுச்சேரித் தமிழர்கள் பலர் அந்தத் துறையில் வேலை பார்த்திருக்கிறார்கள். இந்த வரலாற்றை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தமிழில் சுங்கம் என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் வடசென்னையில் சுங்கச்சாவடி என்றால் எல்லோரும் டோல்கேட் மெட்ரோ நிலையத்தைத்தான் காட்டுவார்கள். சாலையில் வசூலிக்கிற சுங்கம் வேறு, கடல் தாண்டி வரும் பொருளுக்கான சுங்கம் வேறு. பிரான்ஸிலும் அப்படி இரண்டு இருந்தன. நகரத்துக்குள் நுழையும் பொருளுக்கு வாங்கிய வரிக்கு ஒக்த்ருவா என்று பெயர். மும்பையில் ஜி.எஸ்.டி. வரும்வரை லாரிக்காரர்களைப் படுத்திய ஆக்ட்ராய் அதே சொல்தான். ஹென்றி ரூசோ என்ற ஓவியரைத் 'துவானியே' ரூசோ, அதாவது கஸ்டம்ஸ்காரர் ரூசோ என்று உலகமே அழைக்கிறது. மனிதர் வேலை பார்த்ததோ பாரிஸ் நகர வாசலில் ஒக்த்ருவா வசூலிப்பதில். ஒரு நாள்கூடத் துவானில் இருந்ததில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, அம்மாவுக்கு வருவோம். அவருக்குக் கஸ்டம்ஸ் என்றாலே கொஞ்சம் பயம் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பகுதியில் ஒரு தலைமுறைக்கே அந்தப் பயம் உண்டு. ராஜுலா கப்பல், அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் என்று சிங்கப்பூர், பினாங்கிலிருந்து பயணிகள் கப்பல்கள் ஹார்பருக்கு வந்த காலம் அது. வெளிநாட்டுப் பொருளுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், நைலக்ஸ் சேலை எல்லாமே பெட்டியில் கேள்விக்குரிய பொருள்தான். வீட்டில் வைத்திருக்கும் தங்கத்துக்குக்கூட 1968 முதல் 1990 வரை தனிச் சட்டம் இருந்தது. 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வந்தது. கஸ்டம் ஹவுஸும் அதே சாலையில்தான். ஃபாரின் சாமான் விற்கும் கடை வரிசையும், ஃபாரின் சாமானைப் பிடிக்கிற அலுவலகமும் ஒரே தெருவில் காலம் தள்ளின. குருவி என்றொரு சொல்லும் அந்தப் பக்கம் உண்டு. சம்பளத்துக்கும் டிக்கெட் காசுக்கும் பிறர் சாமானைத் தன் பெட்டியில் கொண்டுவருகிறவர் குருவி. மாட்டினால் முதலாளி எங்கோ இருப்பார், குருவிதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காலம் போய்விட்டது. இன்று பெரும்பாலானவர்கள், சொல்ல வேண்டியது எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்: கேள்வி கேட்டால் அது விசாரணை இல்லை, வெறும் கேள்விதான்.

பாரிஸில் முதலில் வருவது பாஸ்போர்ட் வரிசை. அங்கே துவான் கிடையாது. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று எல்லைப் போலீஸ் கேட்கும். மகள் வீட்டில் தங்குவதால், அங்கே நகராட்சி அலுவலகத்தில் மகள் வாங்கித் தந்த அழைப்புச் சான்று இருக்கும். பெயர் அத்தெஸ்தாசியோன் தாக்கய். விசாவுக்குக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைத்து அதை வீட்டில் வைத்துவிடக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு, திரும்பும் டிக்கெட், மகளின் போன் நம்பர் எல்லாம் கைப்பையில் காகிதமாக இருக்கட்டும். போனில் இருக்கிறது என்றால், அந்த நேரம் பார்த்து சார்ஜ் போயிருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை வரத் தொடங்கியிருக்கிறது. முதல்முறை போகிறவருக்கு அதில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மருதாணியை அந்த வாரம் தவிர்த்துவிடுவது நல்லது என்பது என் சொந்த யோசனை.

நடுவில் விமானம் மாறினால் ஒரு விஷயம். துபாய், தோஹா வழியாகப் போனால் எல்லாச் சோதனையும் பாரிஸில்தான். ஆம்ஸ்டர்டாம், பிராங்பர்ட் வழியாகப் போனால் பாஸ்போர்ட் அங்கேயே பார்த்துவிடுவார்கள், கைப்பைக்கான கஸ்டம்ஸும் அங்கேதான். கார்கோவில் போட்ட பெட்டிக்கான கஸ்டம்ஸ் பாரிஸில். அதனால் பாரிஸில் இறங்கியதும் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லையே என்று அம்மா பதற வேண்டாம்.

பெட்டி வந்த பிறகு இரண்டு வாசல். பச்சையில் 'ரியான் ஆ தெக்லாரே' என்று இருக்கும், சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று பொருள். சிவப்பு, சொல்ல வேண்டியது இருக்கிறவர்களுக்கு. பச்சையில் போகிறவரையும் நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் துவானுக்கு உண்டு. அவர்கள் தேடுவதில் சாப்பாட்டுச் சாமானும் உண்டு.

இப்போது கருவாடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. அரைக் கிலோ, கால் கிலோ என்ற சலுகையும் கிடையாது. கோமாரி மாதிரி கால்நடை நோய்கள் அவற்றின் வழியாக அங்கிருக்கும் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்விடும் என்ற பயம். மீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு பயணி 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம், காய்ந்த மீனும் அதில் அடக்கம். ஆக நெத்திலியும் வாளையும் தாராளமாகப் போகலாம், பால்கோவாவும் பேடாவும் நெய்யும் குப்பைக்குப் போகும். சுறாக் கருவாடு மட்டும் வேண்டாம். பல சுறா இனங்கள் சர்வதேச வனவிலங்கு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. வெட்டிக் காயவைத்த துண்டைப் பார்த்து அது எந்த இனம் என்று அம்மாவால் நிரூபிக்க முடியாது.

கருவாடு சட்டப்படி சரி என்பதற்காக, கல்மண்டபத்தில் வாங்கிய செய்தித்தாள் பொட்டலத்தோடு வைத்துவிடாதீர்கள். வெயிலில் இன்னொரு முறை காயவைத்து, காற்றுப் புகாத உறையில் இரண்டு அடுக்காகப் போட்டு, மேலே மீன் என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டுங்கள். எழுத்துப் பிழை வராமல் தங்கையையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். துவான் ஆளுக்கு அது என்னவென்று தெரிய வேண்டும், பக்கத்துப் பெட்டிக்காரருக்கு வாடை தெரியக் கூடாது.

லேகியம் கொஞ்சம் சிக்கலான விஷயம். வீட்டில் கிண்டிய பிரசவ லேகியத்தில் நெய் இருக்கிறது, பெயர்ச்சீட்டு இல்லை, பார்க்கக் கறுப்பாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் கேள்வி கேட்காமல் விட மாட்டார்கள். நான் சொல்வேன், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் உலர்ந்த சாமானாகத் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். அதற்குத் தடை இல்லை. நெய்யை அங்கே லா ஷப்பேலில் தமிழ்க் கடையில் வாங்கி, மகள் வீட்டு அடுப்பிலேயே கிண்டிக்கொள்ளலாம். தேன் வேண்டுமென்றால் கொண்டுபோகலாம், முட்டை போன்றவற்றோடு சேர்த்து 2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மசாலாத்தூள், புளி, வடகம், அப்பளம் பிரச்சினை இல்லை.

பச்சைக் காய்கறி, பழம், இலைகளுக்கு ஃபைட்டோ வேண்டும், அதாவது பூச்சி, நோய் இல்லை என்று வேளாண் துறை தரும் சான்று. ஒரு கட்டு கறிவேப்பிலைக்காக யாரும் அதை வாங்கப்போவதில்லை. ஆகவே கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எதுவும் வேண்டாம். பழ ஈ மாதிரி பூச்சிகள் இருந்தன என்று 2014-இல் இந்திய மாம்பழத்தையும் பாகல், புடல், கத்தரி, சேப்பங்கிழங்கு இலையையும் ஐரோப்பா மொத்தமாகவே நிறுத்திவைத்தது. மாம்பழத் தடை மட்டும் 2015 தொடக்கத்தில் விலகியது. இந்தச் சான்று கேட்காத பழங்கள் ஐந்தே: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். தேங்காய்தான் இருக்கிறதே என்று கொப்பரையை வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் பாதுகாப்புக்காரர்களே அதை இங்கே நிறுத்திவிடுவார்கள்.

மருந்துக்கு டாக்டர் சீட்டு இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். ரொக்கம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு அது தேவைப்படாது. அன்பளிப்புச் சாமான்கள் விமானப் பயணிக்கு 430 யூரோ மதிப்பு வரை வரியில்லை, குழந்தைக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசும் பட்டுப்பாவாடையும் அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். பஜாரில் வாங்கிய டூப்ளிகேட் பிராண்டுக் கைப்பை, வாட்ச், கண்ணாடி எதுவும் வேண்டாம். உலகத்தின் பெரிய பிராண்டுகளில் பல பிரான்ஸில் பிறந்தவை, துவானுக்கு அந்த விஷயத்தில் தனிக் கண் உண்டு. விற்பதற்காக இல்லை, சொந்த உபயோகம் என்றாலும் அங்கே குற்றம்தான். பிடுங்கிக்கொள்வதோடு நிற்காமல் அசல் பொருளின் விலையை வைத்து அபராதம் போட முடியும். எழுநூறு ரூபாய்ப் பைக்கு அந்தக் கணக்கு கட்டுபடியாகாது.

நகையில் பாரிஸ் பக்கம் பெரிய தொல்லை இல்லை. அணிந்திருக்கும் தாலியும் வளையலும் சொந்த உடைமை. தொல்லை வந்தால் திரும்பி வரும்போது சென்னையில்தான் வரும். இந்த நகை இங்கிருந்து போனதா, அங்கே வாங்கியதா என்ற கேள்வி எழும். அதைத் தவிர்க்க, கிளம்பும் முன்பே விமான நிலையக் கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். எடை, விவரம் எழுதித் தருவார்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் போதும். கடை பில், நகை போட்டபடி ஒரு போட்டோ இரண்டும் துணைக்கு இருக்கட்டும். ஓர் இலங்கைப் பெண் பயணியின் தாலியைப் பறிமுதல் செய்த வழக்கில், 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நியாயம் கிடைத்தது சரி, ஆனால் வழக்குப் போடும் அலைச்சலைவிட ஒரு காகிதம் வாங்குவது மேல். எந்தக் காரணத்துக்காகவாவது உடம்புச் சோதனை என்றால், பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம் என்பது 1962-ஆம் ஆண்டுக் கஸ்டம்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. கெஜட்டட் அதிகாரி முன்னிலையிலோ மாஜிஸ்ட்ரேட் முன்னிலையிலோ சோதிக்கும்படி கேட்கவும் உரிமை உண்டு.

திரும்பும்போது மகள் சென்ட், சாக்லேட், மிக்ஸி என்று திணித்து அனுப்புவார். வரியில்லாத வரம்பு 2016 பேகேஜ் விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது. இந்தத் தொகை மாறக்கூடியது, டிக்கெட் தேதிக்கு முன்னால் கஸ்டம்ஸ் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன பெட்டிக்கும் வந்த பெட்டிக்கும் வாங்கிய ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியின் மேல் சாக்பீஸ் குறி இருந்தால் அதை எக்ஸ்ரேயில் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அழிக்க வேண்டாம், நேராகச் சிவப்பு வழிக்குப் போய் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

போகும்போதும் வரும்போதும் அம்மாவிடம் யாராவது, "இதை எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவார்மா" என்று ஒரு பொட்டலம் நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கோயிலில் பழகியவர், விமானத்தில் பக்கத்து சீட்டுப் பெண், யாராக இருந்தாலும் வாங்கக் கூடாது. உள்ளே என்ன இருந்தாலும் கையில் வைத்திருப்பவர்தான் துவானுக்கும் கஸ்டம்ஸுக்கும் பதில் சொல்ல வேண்டும். வயதானவர், தனியாகப் போகிறவர், முகத்தில் கள்ளம் தெரியாதவர் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். "என் பெட்டியில இடம் இல்ல" என்று ஒரே வரியில் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

மயிலிறகு விசிறி எதுவும் உள்ளே இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், இந்தியாவிலிருந்து அதை வெளியே கொண்டுபோகத் தடை. ஏற்றுமதிச் சான்று வாங்குவதென்றால் நான்கு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பகல் விமானம் என்றால் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையம் போகலாம். நள்ளிரவு விமானம் என்றால் மெட்ரோ இருக்காது, வண்டியை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.